கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

தங்கையின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். நயாகரா பார்த்துட்டு வா, சுதந்திர தேவி சிலையைப் பார்த்துட்டு வா என்று. இரண்டையும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனசை விட்டுப் போகாமல் இருப்பது, யாருமே பார்க்கச் சொல்லாத ஒரு மலைக் கிராமத்து வீடும், அந்த வீட்டுச் சமையலறையில் குழந்தைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று கையில் பிடித்தபடி நான் நின்ற ஒரு டம்ளர் தண்ணீரும்தான். சகோதரிகளே, அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தங்கை கவிதா இருப்பது நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்ற ஊரில். நியூயார்க் என்றதும் வானளாவும் கட்டடங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன நகரம். ஷெனாங்கோ, சஸ்குவஹானா என்ற இரண்டு ஆறுகள் ஊர் நடுவில் கூடுகின்றன. சஸ்குவஹானாவின் போக்கு வேடிக்கையானது. வடக்கே ஓர் ஏரியில் பிறந்து தெற்கே ஓடி, எல்லை தாண்டிப் பென்சில்வேனியா மாநிலத்துக்குள் நுழையும். அங்கே ஒரு வளைவு வளைந்து மறுபடி நியூயார்க்குக்கே வரும். பிங்காம்டனைத் தொட்டுக்கொண்டு மேற்கே போய், திரும்பவும் பென்சில்வேனியாவுக்குப் போய்விடும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடையாய் நடக்கிற புதுப்பெண் மாதிரி! அந்த ஆற்றுக்குக் கோடு கிடையாது. ஆனால் மனுஷர்கள் போட்ட கோட்டுக்கு அங்கே ரொம்ப அர்த்தம் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் போனது 2024 செப்டம்பரில். பெண் குழந்தை, சுகப்பிரசவம். மூத்தவன் நான்கு வயசுப் பயல். பனிக்காலம் தொட்டால் அவனுக்கு வீசிங் வந்துவிடும். இன்ஹேலரும் அதை மாட்டுகிற குழலும் எப்போதும் கவிதாவின் கைப்பையில் இருக்கும். வாடகை வீடு, இரண்டே அறை. குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளைக்குச் சொந்த வீட்டு ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் போனைக் காட்டி, "அக்கா, இந்த வீட்டைப் பாருங்க. மூணு ரூம், தோட்டம், சின்னதா ஒரு குளம்கூட இருக்கு. இங்கே விக்கிற விலையில பாதிகூட இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான், முக்கால் மணி நேரம்" என்றார்.

கவிதாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு கேள்வி. கத்தரிக்காய் வாங்கினாலும் பாதி விலை என்றால் திருப்பித் திருப்பிப் பார்க்கிற புத்தி நமக்கு. "ஏன் மாப்பிள்ளை இவ்வளவு சல்லிசு?"

அவர் சற்றுத் தயங்கினார். "அந்தப் பக்கம் கேஸ் கிணறு நிறைய இருக்கு அக்கா. ஃப்ராக்கிங் பண்ற இடம்."

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும், அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை எல்லோருமாகக் காரில் கிளம்பினோம். இலையுதிர் காலம். மலை முழுக்க மஞ்சளும் குங்குமமும் வாரி இறைத்த மாதிரி மரங்கள். எல்லை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பலகை மட்டும்தான். மண்ணும் மலையும் மாறவில்லை. ஆனால் நியூயார்க் மாநிலத்தில் 2014 டிசம்பரில் இந்த ஃப்ராக்கிங் வேண்டாம் என்று முடிவு செய்து, 2020இல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த முடிவை அறிவித்தபோது அங்கே சுகாதார ஆணையராக இருந்த ஹோவர்ட் ஸக்கர் என்ற டாக்டர், இப்படிப்பட்ட இடத்தில் என் குடும்பம் குடியிருக்க விடுவேனா, பக்கத்து மைதானத்தில் என் குழந்தையை விளையாட விடுவேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்ததாகவும், மாட்டேன் என்பதே பதிலாக வந்தது என்றும் சொன்னாராம். கோட்டுக்குத் தெற்கே, அதே பாறையின் மேல், கிணறுகள் ஆயிரக்கணக்கில்.

தண்ணீரில் கொப்புளம்

போகிற வழியில் சால்ட் ஸ்பிரிங்ஸ் என்ற பூங்காவில் சாப்பாட்டுக்கு இறங்கினோம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். 300 வயசு தாண்டிய ஹெம்லாக் மரங்கள், கோயில் தூண் போல. நடுவே படிப்படியாக இறங்குகிற அருவிகள். ஒரு பக்கம் உப்புநீர் ஊற்று. முன்னே குடியேறியவர்கள் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கப் பார்த்தார்களாம். அந்த ஊற்றில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் வந்து உடைந்துகொண்டிருந்தது. பயல், "பெரியம்மா, தண்ணி கொதிக்குது!" என்று கத்தினான்.

அது கொதிப்பல்ல, மீத்தேன் வாயு. மனுஷன் துளை போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே தானாக வந்துகொண்டிருப்பது. இந்த வட்டாரத்தில் சில வீட்டுக் கிணறுகளிலும் இயற்கையாகவே இந்த வாயு உண்டு. அதைக் கேட்டதும், "அப்ப பயம் ஒண்ணும் இல்லையே" என்றாள் கவிதா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

சாப்பிட்டபடியே மாப்பிள்ளை விளக்கினார். பூமிக்குள் ஒரு மைலுக்கு மேல் ஆழத்தில் மார்செல்லஸ் என்ற கறுப்புப் பாறை இருக்கிறது. ஏறக்குறைய 39 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி, சிலேட்டு மாதிரி ஏடு ஏடாக ஆனது. அதற்குள் வாயு அடைபட்டிருக்கிறது. வெறும் குழாய் இறக்கினால் வராது. நேராகத் துளைத்துக்கொண்டு போய், பாறையை எட்டியதும் துளையைப் படுக்கைவாட்டில் திருப்பி, ஒரு மைலோ இரண்டு மைலோ கொண்டுபோகிறார்கள். பிறகு தண்ணீர், மணல், கொஞ்சம் ரசாயனம் மூன்றையும் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்தினால் பாறை மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு மூடிவிடாமல் மணல் முட்டுக்கொடுக்கும். வாயு மேலே வரும். 1947இலேயே கான்சாஸ் மாநிலத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்த முறைதான். பென்சில்வேனியாவில் இந்தப் பாறையைத் துளைக்க ஆரம்பித்தது 2004இல்.

ஒரு கிணற்றுக்கு 40, 50 லட்சம் காலன் தண்ணீர் போகுமாம். நம் கணக்கில் ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர். "ரசாயனம் நூத்துக்கு ஒண்ணு, ரெண்டுதான் அக்கா" என்றார் மாப்பிள்ளை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு கோடி லிட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்றாலும் இரண்டு லட்சம் லிட்டர் ஆயிற்றே!

கண்ணாடி மாதிரி தண்ணீர்

வீடு உண்மையிலேயே அழகு. மான்ட்ரோஸ் என்ற ஊரைத் தாண்டி, சரிவில், வெள்ளைப் பலகை அடித்த வீடு. குளத்தில் இரண்டு வாத்து. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. கவிதா ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்த்து, "இங்கே மளிகை, இங்கே பாத்திரம்" என்று குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

ஜன்னல் வழியே மேட்டில் சமதளமாக்கிய ஓர் இடம் தெரிந்தது. கம்பி வேலி, பச்சை வண்ணம் அடித்த சில குழாய்கள், தொட்டிகள். ஆள் அரவமே இல்லை. "அதுதான் கேஸ் கிணறு. 2012இல் போட்டது. இப்போ சத்தமே கிடையாது" என்றார் வீடு காட்ட வந்தவர். கார்ப்பரேஷன் தண்ணீர் அந்தப் பக்கம் வராது. வீட்டுக்கு வீடு போர்வெல்தான். பென்சில்வேனியாவில் 30 லட்சம் பேருக்கு மேல் இப்படிச் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அந்தக் கிணறுகளை அரசாங்கம் வந்து சோதிப்பதில்லை. வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயலுக்குத் தாகம். "பெரியம்மா, தண்ணி." நான் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்குமே, அந்த நாற்றம் கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்ப்பது. பூமியிலிருந்து வருகிற மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இருபத்தைந்து வருஷமாகச் சமையலறையில் நிற்கிறேன். பாலா, எண்ணெயா, பருப்பா, எது கெட்டாலும் கண்ணாலும் மூக்காலும் சொல்லிவிடுவேன். அந்த ஒரு டம்ளர் தண்ணீர் முன்னால் என் அனுபவம் ஒன்றுக்கும் உதவவில்லை. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காரில் இருந்த பாட்டில் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன்.

"துளை போடறதுக்கு முன்னாடி இந்தக் கிணத்துத் தண்ணியைச் சோதிச்ச ரிப்போர்ட் இருக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார். வந்தவர் போன் பண்ணி விசாரித்தார். பழைய சொந்தக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு மாநிலத்தில். அப்படி ஒரு காகிதம் யாரிடமும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் நீல ஃபைல்

வாசலில் எங்களைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா கைக்குழந்தையைப் பார்க்க வந்துவிட்டார். எந்த ஊரானால் என்ன, குழந்தை என்றால் பெண்களுக்கு வேலி ஏது? எழுபது வயசு இருக்கும். காபி போட்டுக் கொடுத்தார். கவிதா மொழிபெயர்க்க, பேசிக்கொண்டிருந்தோம்.

இவர்கள் வீட்டில் ஐம்பது கறவை மாடு இருந்ததாம். பால் விலை கட்டுப்படியாகாமல் விற்கிற நிலைமை. அப்போதுதான் வாயுக் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். எடுக்கிற வாயுவில் எட்டில் ஒரு பங்காவது நிலக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பணத்தில்தான் கூரை மாற்றியது, கணவருக்கு வைத்தியம் பார்த்தது, நிலத்தைக் காப்பாற்றியது. "நான் இதுக்கு விரோதி இல்லை" என்றார். துளை போட்ட மாசங்களை மட்டும் மறக்க முடியாதாம். ராப்பகலாக லாரி, ஜெனரேட்டர் சத்தம், ராத்திரியும் பகல் மாதிரி வெளிச்சம், கொடியில் துணி காயப்போட முடியாத புழுதி.

அப்புறம் உள்ளே போய் ஒரு நீல ஃபைலை எடுத்து வந்தார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வைக்கிற அலமாரியிலேயே அதையும் வைத்திருக்கிறார். முதல் காகிதம், துளை போடுவதற்கு முன் எடுத்த தண்ணீர் ரிப்போர்ட். பிறகு வருஷத்துக்கு ஒன்று. முதல் காகிதத்திலேயே கொஞ்சம் மீத்தேன் இருந்தது. பிற்பாடும் அதே அளவுதான். அதனால் நிம்மதியாகக் குடிக்கிறார். "இந்த முதல் காகிதம் மட்டும் இல்லைன்னு வைங்க. நாளைக்கே வாயு கூடினா, நீங்க வந்ததாலேதான்னு நான் சொல்வேன், இது முன்னாடியே இருந்ததுன்னு அவங்க சொல்வாங்க. யார் சொல்றது உண்மைன்னு சாமிக்குத்தான் தெரியும்" என்றார்.

பூங்காவில் பார்த்த கொப்புளம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இயற்கையாகவே வாயு இருக்கிற ஊரில், முன்னால் எழுதிவைத்த கணக்கு இல்லாவிட்டால் பின்னால் நியாயம் கேட்க வழியில்லை.

அங்கிருந்து சில மைல் தெற்கே டிமோக் என்ற கிராமம். 2009ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி அங்கே ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்து, அதன் சிமெண்ட் மூடி பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளையாக வீட்டில் ஆள் இல்லை. மாநில அரசு விசாரித்து, குழாயும் சிமெண்ட்டும் சரியாக அமையாத வாயுக் கிணறுகளிலிருந்து மீத்தேன் கசிந்து பல வீட்டுக் கிணறுகளில் கலந்துவிட்டது என்று முடிவு சொன்னது. கம்பெனி மறுத்தது. வருஷக்கணக்கில் வழக்கு. 2022 நவம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை என்ற நிலையில், பொதுக் குடிநீர்க் குழாய் போட 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது. நடுவில் போனது பதின்மூன்று வருஷம். அன்று கைக்குழந்தையாக இருந்தது பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிற வயசு!

ஒரு மைல் ஆழத்தில் பாறை உடைந்தால் மேலே சில நூறு அடியில் இருக்கிற கிணறு எப்படிக் கெடும் என்று நானும் கேட்டேன். சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு சிலிண்டரில் இல்லை, ரப்பர் டியூபிலும் ரெகுலேட்டரிலும்தான். அதே போல இங்கேயும் கீழே போகிற குழாய் நாம் குடிக்கிற நீரோட்டத்தைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. குழாய்க்குள் குழாய் வைத்து நடுவில் சிமெண்ட் இறுக்குகிறார்கள். அந்தச் சிமெண்ட்டில் கோளாறு என்றால் வாயு மேலேறிவிடும். இன்னொன்று, உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு திரும்பி வரும். கடல் நீரைவிட உப்பு. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், இயற்கையான கதிரியக்கமுள்ள ரேடியம்கூட அதில் வரும். அதைச் சிந்தாமல் எடுத்துப்போய், மறுபடி பயன்படுத்தியோ ஆழத்தில் செலுத்தியோ தீர்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் சொன்ன முடிவும் இதுதான்: எல்லா இடத்திலும் தண்ணீர் கெடுவதில்லை. ஆனால் சிந்தல், பழுதான குழாய், கழிவுநீரைச் சரியாகக் கையாளாதது போன்ற சூழ்நிலைகளில் குடிநீர் கெடக்கூடும், சில இடங்களில் கெட்டும் இருக்கிறது.

காருக்குள் நடந்த பேச்சு

திரும்பும்போது மாப்பிள்ளை, "நல்ல ஃபில்டர் ஒண்ணு போட்டுடலாமே" என்றார். அவர் ஆசை அவருக்கு.

பின் சீட்டிலிருந்து கவிதா, "தண்ணிக்கு ஃபில்டர் போடலாம். காத்துக்கு எதைப் போடறது?" என்றாள். பிள்ளையின் டாக்டர் சொல்லி அவள் முன்பே படித்து வைத்திருந்திருக்கிறாள். 2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் மேற்குப் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு. வாயு எடுத்துக்கொண்டிருக்கும் கிணறுகளுக்கு அருகே வசிக்கிற ஆஸ்துமாக்காரர்களுக்கு இளைப்பு கடுமையாகிற வாய்ப்பு நான்கைந்து மடங்கு கூடுதல் என்று அதில் கண்டார்கள். ஒரு மைலுக்குள் வசிக்கும் குழந்தைகளுக்கு லிம்ஃபோமா என்ற அபூர்வமான புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தப் புற்றுநோய், மூளை, எலும்புப் புற்றுநோய்களுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. சேர்ந்து காணப்படுகிறது என்றுதான் சொல்ல முடியும், இதனால்தான் அது என்று நிரூபணம் ஆகவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மூச்சு இழுக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு நிரூபணத்துக்குக் காத்திருக்க என்னால முடியாதுங்க" என்றாள். அப்புறம் வழி முழுக்க யாரும் பேசவில்லை. கவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குளமும் வாத்தும் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது எனக்குத் தெரியும். அழுதாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அவர்கள் அதே இரண்டு அறை வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நான் குறித்துக்கொண்டு வந்தவை

அந்த அம்மாவிடமும் கவிதாவிடமும் கேட்டு எழுதியவை இவை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும், எண்ணெய், வாயுக் கிணறுகள் அருகில் குடியிருப்பவர்களுக்கும் உதவும்.

1. துளை போடுவதற்கு முன்பே குடிநீரை அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையில் சோதித்துவிடுங்கள். மீத்தேன், உப்பு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி தன் செலவில் சோதித்தாலும் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. பென்சில்வேனியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்கும் வாயுக் கிணற்றுக்கும் குறைந்தது 500 அடி இடைவெளி வேண்டும். 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால் கம்பெனியே பொறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மறுக்க வேண்டுமானால் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் முன்சோதனைக்கு வந்தவர்களை நாம் வீட்டுக்குள் விடவில்லை என்றால் இந்தச் சலுகை போய்விடும். அதனால் நாள், தேதியோடு குறித்து வைப்பது முக்கியம்.

3. குழாய் திடீரென்று இருமுகிற மாதிரி விட்டு விட்டு வந்தாலோ, தண்ணீர் பால் போல நுரைத்துப் பிறகு தெளிந்தாலோ, உப்புக் கரித்தாலோ உடனே சோதியுங்கள். மீத்தேன் வயிற்றைக் கெடுப்பதைவிட, மூடிய அறையில் சேர்ந்து தீப்பிடிப்பதுதான் பெரிய ஆபத்து. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை, 28ஐத் தாண்டினால் உடனடி நடவடிக்கை என்பது அங்கே உள்ள அளவு.

4. கொதிக்கவைத்தால் கிருமி போகும். உப்பும் உலோகமும் போகாது.

5. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில், அருகில் வாயுக் கிணறு இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

6. வீட்டு ஆண்கள் அந்த வேலைக்குப் போகிறவர்கள் என்றால், வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள், தனியாகத் துவையுங்கள். விரிசலில் செலுத்துகிற மணலின் பொடியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். தொழிலாளர்களுக்கு அங்கே 2012இலேயே எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். 2017இல் நெடுவாசலில் பெண்கள் கைக்குழந்தையோடு பந்தலில் உட்கார்ந்து, ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்று போராடியதை டி.வி.யில் பார்த்துவிட்டு, நான் பாட்டுக்கு அடுப்பு வேலையைப் பார்த்தவள்தான். 2020 பிப்ரவரியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிதாக இப்படிப்பட்ட கிணறு தோண்ட அதில் இடமில்லை. முன்பே நடந்துவந்த வேலைகளை அது தடுக்கவில்லை. சட்டம் இருக்கிறதே என்று எல்லோரையும் போல நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டு போர் தண்ணீரை இந்த முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது சோதித்திருக்கிறோமா? இல்லை. வந்த மறுவாரமே வீட்டுக்காரரை நச்சரித்து, சுத்தமான கேனில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச்சாலைக்குக் கொண்டு போகச் சொன்னேன். "கொல்லையில கேஸ் கிணறா தோண்டறாங்க?" என்று சிரித்தார். "தோண்டாதப்ப எடுக்கிறதுதாங்க முதல் காகிதம்" என்றேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. உப்பு கொஞ்சம் கூடுதல், மற்றபடி குடிக்கலாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கிற பழைய பிஸ்கட் டப்பாவில் அதையும் மடித்து வைத்திருக்கிறேன்.